உடல் சுமக்கும் அச்சம்: பெறாமகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெறாமகளுக்கு,

உடலில் தேங்கிக் கிடக்கும் மனவடுவை ஆற்றலின் வழியே கரைத்து வெளியேற்றித் தருவதாகச் சொல்லும் சிகிச்சைமுறைகள் இன்று ரெய்கி, தட்டுதல் சிகிச்சை, சக்கரச் சமநிலை, உடல்வழி விடுவிப்பு என்று பல பெயர்களில் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் பயிற்சி பெற்று அதைத் தன் உளவளத்துணைப் பணியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பெறாமகள் கேட்டிருக்கும் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்லிவிடுவது அக்கேள்விக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இம்முறைகள் சொல்வனவற்றுள் உடலைப் பற்றிய பகுதி பெரிதும் மெய்யானது. ஆற்றலைப் பற்றிய பகுதி இன்றுவரை நிறுவப்படாதது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதனால், மெய்யான பகுதிக்கு உரிய நம்பிக்கையை நிறுவப்படாத பகுதியும் சேர்த்தே பெற்றுவிடுகிறது. துயருற்றவரின் அருகில் அமர்ந்து பணியாற்றப் போகிறவர் முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியவராகிறார்.

மனவடு என்பது, உயிரையோ உறுப்பையோ மானத்தையோ பறிக்கவல்ல பயங்கரத்துக்கு ஆளானவரிடம், அப்பயங்கரம் நீங்கிய பின்னரும் நீங்காது நிலைக்கும் பாதிப்பைக் குறிக்கும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில்தான் அது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற தனிப்பெயரோடு முதன்முதலில் இடம்பெற்றது. ஆயினும், தாங்கவியலாத நிகழ்வொன்று சொல்லாக நினைவில் படியாமல் உடலின் அசைவாகவும் உணர்வாகவும் திரும்பத் திரும்ப வருவதைப் பிரான்சு நாட்டின் பியர் ஜானே 1889ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருந்தார். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பணியாற்றுவோருக்கு இதைப் பிறநாட்டு நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் தாய், தன் மனம் சரியில்லை என்று சொல்வது அரிது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைவு, நித்திரையின்மை, அடிக்கடி வரும் பெருமூச்சு என்றுதான் அவர் சொல்கிறார். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த ஆங்கில நூலிலும் அதற்கு முன்பே தமிழில் வெளிவந்த மனவடு என்னும் நூலிலும், போரின் துயரம் தமிழ் மக்களிடம் பெரும்பாலும் உடல் முறைப்பாடாகவே வெளிப்படுவதைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே, பெருந்துயர் உடலிலே தங்குகிறது என்று ஒருவர் சொல்லும்போது, அதைக் கேட்டு நகைக்க இடமில்லை.

ஆனால் எது, எவ்வாறு தங்குகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் உட்பகுதியிலுள்ள அமிக்டலா என்னும் சிறு திரள் எச்சரிக்கை எழுப்ப, விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் தன்னியக்க நரம்புத்தொகுதியின் பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன. சிறுநீரகங்களின் மேலமர்ந்த சுரப்பிகள் அட்ரீனலினையும் அதன்பின் கோர்ட்டிசோலையும் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு நெஞ்சின் மேற்பகுதிக்கு ஏறுகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன, குடல் தன் வேலையை நிறுத்திவைக்கிறது. ஆபத்து கடந்ததும் பராபரிவு நரம்புகள், குறிப்பாக மூளையின் அடித்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு வரை இறங்கிச் செல்லும் வேகஸ் நரம்பு, இவை அனைத்தையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். பலருக்குச் சில வாரங்களில் அது தானாகவே நிகழ்ந்துவிடுகிறது. நிகழாதவரிடத்தில் எச்சரிக்கை ஒலிப்பது மட்டும் ஒரு பழக்கமாக எஞ்சி, பட்டாசு வெடித்தாலும், வானில் உலங்குவானூர்தி பறந்தாலும், வாசலில் முன்பின் தெரியாத வாகனம் நின்றாலும், உடல் பழைய நாளின் வேலையை முழுமையாகச் செய்து முடிக்கிறது. எஞ்சியிருப்பது நரம்புகள் கற்றுக்கொண்ட ஒரு பாடமே. தசைக்குள்ளோ இடுப்பெலும்பின் இடுக்கிலோ அடைபட்டுக் கிடக்கும் பொருள் என்றோ விசை என்றோ ஒன்றை இதுவரை எவரும் அளந்து காட்டியதில்லை.

பொருள்போல் அடைபட்டுக் கிடக்கும் துயரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வதும் நன்று, ஏனெனில் இன்றைய பயிற்சி வகுப்புகள் அதைத் தொன்மையான கீழைத்தேய ஞானம் என்று அறிமுகம் செய்வது வழக்கம். அதன் நேர்மூதாதை வியன்னா நகரத்தது. யோசேப் புரொயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட இசிவுநோய் பற்றிய நூல், வெளிப்பட வழியின்றி அடைபட்ட உணர்ச்சியே நோயாகிறது என்றும், அதை மீண்டும் உணர்ந்து கொட்டிவிட்டால் நோய் நீங்கும் என்றும் கருதியது. அவ்வாறு கொட்டித் தீர்த்தலை உணர்ச்சி வடிகால் எனலாம். அம்முறையால் கிடைத்த குணம் நிலைப்பதில்லை எனக் கண்டு பிராய்டு அதைக் கைவிட்டார். அவருடைய மாணவர் வில்கெல்ம் ரைக் கைவிடவில்லை. அடக்கிய உணர்ச்சி தசை இறுக்கமாகப் படிந்து உடலைச் சுற்றிக் கவசமாகிறது என்று 1933இல் வெளியான தம் குணப்பகுப்பாய்வு நூலையொட்டி அவர் வளர்த்த கருத்தில், நோயாளியின் மூச்சையும் தோளையும் தாடையையும் கூர்ந்து நோக்கும் அரிய கண் இருந்தது; பின்னாளில் உடல்சார் உளச்சிகிச்சை என்று பெயர்பெற்ற முறைகள் பலவும் அந்தக் கண்ணுக்குக் கடன்பட்டவை. அதன்பின் அவர் ஒர்கோன் என்னும் பேரண்ட ஆற்றலைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, அதைத் திரட்டும் பெட்டிகளைச் செய்து பரப்பினார். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1954இல் அப்பெட்டிகளுக்கு நீதிமன்றத் தடை பெற்றது; தடையை மீறிய வழக்கில் தண்டனை பெற்ற ரைக் 1957 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவருடைய நூல்களை அரசு எரித்தது பெரும் அநியாயம் என்பதில் ஐயமில்லை; எரிக்கப்பட்டதனாலேயே ஒரு கருத்து மெய்யாகிவிடுவதுமில்லை. நுட்பமான உடல் நோக்கும், அளவிட முடியாத ஆற்றலும் ஒருவருடைய வாழ்விலேயே இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. பிற்காலத்தார் அந்தப் பிணைப்பை அவிழ்க்காமலே பெற்றுக்கொண்டனர்.

ஆற்றல் என்று சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. சப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் தொடங்கிய ரெய்கியிலும், அமெரிக்கத் தாதியரிடையே பரவிய சிகிச்சைத் தொடுகை என்னும் முறையிலும், நோயாளியின் உடலைச் சூழ்ந்த ஆற்றலைச் சிகிச்சையாளரின் உள்ளங்கை உணரும் என்பது அடிப்படை நம்பிக்கை. எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தன் பாடசாலை அறிவியல் ஆய்வுக்காகச் சிகிச்சைத் தொடுகையாளர் 21 பேரை ஒரு மறைப்பட்டைக்கு அப்பால் கைகளை நீட்டச் செய்து, தன் கை அவர்களுடைய எந்தக் கைக்கு அருகில் இருக்கிறது என்று கேட்டாள். 280 முறை கேட்டதில் 123 முறையே, அதாவது 44 விழுக்காடே, விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் பாதியளவு சரியாகியிருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் அதை வெளியிட்டது. ஆய்வின் எளிமையைக் குறைசொன்னவர்கள் பலர். அதைவிடக் கடுமையான சோதனையொன்றில் உள்ளங்கை ஆற்றலை உணர்ந்ததாகக் காட்டியவரைக் காண்பது அரிது.

பெறாமகள் கேட்டிருக்கும் தட்டுதல் சிகிச்சையின் கதை இன்னும் பயனுள்ளது. அமெரிக்க உளவியலாளர் ரொஜர் கலகன் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், தண்ணீருக்கு அஞ்சிய பெண்ணொருத்தியைக் கண்ணுக்குக் கீழே விரலால் தட்டச் செய்தபோது அவளுடைய அச்சம் சடுதியில் நீங்கியதாகக் கூறி, சீன மருத்துவம் சொல்லும் ஆற்றல் நாளங்களில் ஏற்பட்ட தடையே அச்சம் என்ற முடிவுக்கு வந்தார். கரி கிரெய்க் அதை எளிதாக்கி 1990களில் உலகெங்கும் பரப்பினார். உள்ளங்கையின் விளிம்பு, புருவத்தின் தொடக்கம், கண்ணின் பக்கவாட்டு, கண்ணின் கீழ், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடை, நாடிக்குழி, காறையெலும்பு, அக்குளின் கீழ் என்று வரிசையாக விரல் நுனிகளால் தட்டிக்கொண்டே, அச்சந்தரும் நிகழ்வை வாயால் சொல்ல வேண்டும் என்பது முறை. 2003இல் கனடாவில் பல்கலைக்கழக மாணவர் 119 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு குழுவினர் உரிய புள்ளிகளிலும், மற்றொரு குழுவினர் கையில் எந்த நாளமும் சொல்லப்படாத இடங்களிலும், இன்னொரு குழுவினர் தம்மை விட்டு ஒரு பொம்மையின் மீதும் தட்டினர். மூன்று குழுக்களிலும் அச்சம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. எங்கும் தட்டாத நான்காம் குழுவில் குறையவில்லை. இவ்வாய்வைத் தட்டுதலின் எதிரிகள் தோல்வியென்று மட்டும் படிக்கிறார்கள். பொம்மையில் தட்டியவருக்கும் அச்சம் குறைந்தது என்பதை அவர்கள் போதிய அளவு வியப்பதில்லை. அஞ்சியதைத் தப்பியோடாமல் மனத்தில் நிறுத்தல், அதே வேளையில் கைகளுக்கு ஒரு சீரான வேலை இருத்தல், அருகில் ஒருவர் பொறுமையோடு வழிகாட்டுதல், குணமாகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியன மூன்று குழுக்களுக்கும் பொதுவாயிருந்தன. பயன் அவற்றிலிருந்தே வந்ததென்று கொள்வது பொருந்தும். நாளமும் தடையும் இல்லாமலே வேலை நடக்குமாயின், அவற்றின் பெயரால் கட்டணம் வாங்குவதற்கு அடிப்படை இல்லை.

உடல்வழிச் சிகிச்சைகளுள் ஆற்றலைக் குறைவாகவும் உடலை மிகுதியாகவும் பேசுவனவற்றின் சான்றுகள் இதைவிடத் தெம்பளிப்பவை. பெசல் வான் டெர் கோல்க் குழுவினர், வேறு சிகிச்சையால் நலம் பெறாத 64 பெண்களைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் யோகப் பயிற்சி பெற்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயின் வரையறைக்குள் அடங்காத நிலையை எட்டினர். உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் ஐந்தில் ஒருவரே அந்நிலையை எட்டினர். பீற்றர் லெவின் வகுத்த உடலுணர்வு வழிச் சிகிச்சை, நிகழ்வைக் கதையாகச் சொல்வதைப் பின்தள்ளி, அதை எண்ணும்போது உடலில் எழும் வெப்பம், இறுக்கம், நடுக்கம் போன்றவற்றைச் சிறு சிறு அளவில் கவனித்து அமைதிக்குத் திரும்பப் பழக்குவது. இசுரவேலில் 63 பேரைக் கொண்டு செய்து 2017இல் வெளியான ஆய்வில், பதினைந்து வார அமர்வுகளால் சிகிச்சைக்காகக் காத்திருந்த குழுவைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. அதே வழியில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்களில் ராஜா செல்வம் உள்ளிட்டோர் 150 பேருக்கு 75 நிமிட அமர்வு அளித்து, எட்டு மாதங்களின் பின் 90 விழுக்காட்டினர் முழுமையாகவோ குறிப்பிடத்தக்க அளவிலோ நலமடைந்ததாக 2008இல் எழுதினர். ஒப்பிட வேறு குழு இல்லாததால், அந்த எட்டு மாதங்களில் காலமும் உறவும் மீண்டும் தொடங்கிய மீன்பிடித் தொழிலும் செய்த பங்கு எவ்வளவு, அமர்வு செய்த பங்கு எவ்வளவு என்பதை அவ்வெண்ணிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவின் துணையோடு நினைவைப் பதப்படுத்தும் சிகிச்சையையும் பரிந்துரைத்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைவில் கொள்க.

இவற்றையெல்லாம் கடல் கடந்து தேடுமுன், யாழ்ப்பாணத்திலேயே நடந்ததை அறிந்திருப்பது முறை. போர்க்காலத்தில், மருந்தும் மருத்துவரும் அருகிய நிலையில், சோமசுந்தரமும் உடன்பணியாற்றியோரும் மக்கள் முன்பே அறிந்த ஆறுதல் முறைகளைச் சிகிச்சையில் சேர்த்தனர். சைவருக்கு மூச்சோடு இயைந்த செபமும் பிராணாயாமமும் சாந்தி ஆசனமும், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இசுலாமியருக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டு வழக்கத்திலிருந்தே ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது. அதில் ஆற்றலைப் பாய்ச்சும் ஆசான் எவருமில்லை. கற்றுக்கொண்டவர் மறுநாள் வைத்தியசாலைக்கு வராமலே தம் பாயில் அமர்ந்து அதைச் செய்யலாம். மூச்சை நிமிடத்துக்கு ஆறளவில் தாழ்த்தி, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டும்போது வேகஸ் நரம்பின் செயல் வலுப்பெற்று இதயத் துடிப்பு இளகுகிறது என்பது இன்று கருவி கொண்டு அளக்கக்கூடியது. செபமாலையின் மணி ஒன்று நகரும் நேரமும் ஏறத்தாழ அத்தகைய ஒரு மூச்சின் அளவே. சிகிச்சைக்கு வருபவரைச் சிகிச்சையாளரிடம் கட்டிப்போடாத இந்தப் பண்பு, பெரியப்பாவின் கருத்தில், எல்லாச் சான்றுகளுக்கும் மேலாக எடைபோடத் தக்கது.

அடுத்தது, பயிற்சி வகுப்புகளில் மிகுதியாகக் கொண்டாடப்படுவதும் மிகுந்த கேடு விளைவிக்கக்கூடியதுமான வெளியேற்றம் பற்றியது. நடுங்குதல், விம்மி அழுதல், கத்துதல், உடல் முறுகுதல் ஆகியவை நேர்ந்துவிட்டால் துயரம் வெளியேறிவிட்டது என்று முடிவு செய்வது அங்கே வழக்கம். அச்சத்தின் உச்சம் தணியும்போது நடுக்கம் வருவது இயல்பு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வரவழைக்க முயலும்போது, பலமுறை கட்டாயத்துக்குள்ளான உடல் மற்றொரு கட்டாயத்துக்குள்ளாகிறது. சித்திரவதைக்கு உள்ளானவரைத் தரையில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விரைவாக மூச்சு விடச் செய்வது, அவருடைய உடலுக்கு அந்த அறையையே மீண்டும் கட்டித் தருவதாக அமையலாம். விரைமூச்சால் குருதியின் கரியமிலவாயு குறைந்து விரல்கள் மரத்து உதடு துடிப்பதையும், அந்த வகுப்புகளில் ஆற்றல் பாய்வதன் அடையாளமாக விளக்கிவிடுவதுண்டு.

நல்ல அமர்வு பார்ப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் நடவாதது போலவே இருக்கும். கதவை நோக்கி நாற்காலி போடப்பட்டிருக்கும், கதவு தாழிடப்பட்டிராது, வந்தவர் விரும்பினால் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். மூச்சு நெஞ்சின் மேல் நிற்கிறதா, வயிறு அசைகிறதா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கியிருக்கிறதா என்று துணையாளர் நோக்குவார். நிகழ்வைப் பற்றிய ஒரு வாக்கியம் வந்து, அதனோடு தோள் உயர்ந்து முகம் வெளிறினால், தொடர்ந்து சொல்லச் சொல்லாமல், பாதத்தின் கீழ்ச் சீமெந்துத் தரை குளிராயிருக்கிறதா, வெளியே என்ன சத்தம் கேட்கிறது என்று கேட்பார். தோள் மீண்டும் இறங்கும் வரை காத்திருப்பார். அதன்பின்தான் அடுத்த வாக்கியம். அஞ்சியதைக் கொஞ்சம் அணுகி மீளலாம், மீண்ட பின் மறுபடி அணுகலாம் என்ற புதிய பாடத்தை நரம்புகள் இவ்வாறு மெல்லக் கற்கின்றன. பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதியது வலுக்கிறது. ஒரு மணி நேரத்தில் நான்கு வாக்கியங்கள் மட்டுமே சொல்லப்பட்டாலும் அது வீணான அமர்வன்று.

உரத்த வெளிப்பாடு ஒருபோதும் உதவாது என்று இதற்குப் பொருளில்லை. மட்டக்களப்பில் 1990களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரை நாடிச் சென்றதை எழுதியிருக்கிறார். வாக்குச் சொல்பவர் காணாமற்போனவரின் வேதனையைத் தம் உடலிலேயே ஏற்று, அடிபட்டவர்போல் துடித்தும் குரல் தழுதழுத்தும் பேச, வெளியில் வாய்திறந்து சொல்ல முடியாத காலத்தில் நிகழ்ந்த கொடுமைக்கு அங்கே ஊரறிந்த சாட்சி கிடைத்தது. வடக்கில் முதுகிலும் கால்களிலும் செடில் குத்தித் தூக்குக்காவடி எடுப்போர் போராண்டுகளில் பெருகியதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். இவையும் உடல்வழி நடப்பவையே; தெய்வத்தின் ஆற்றல் பற்றிய நம்பிக்கையும் அவற்றில் உண்டு. ஆயினும் அவற்றில் நோன்பு உண்டு, நேர்த்தி உண்டு, தொடக்கமும் முடிவும் அறிந்த சடங்கின் ஒழுங்கு உண்டு, மயங்கி விழுபவரைத் தாங்கக் காத்து நிற்கும் உறவினர் உண்டு, சடங்கு முடிந்த பின்னும் அதே ஊரில் அதே தெருவில் தொடரும் வாழ்க்கை உண்டு. சடங்கிலிருந்து துடிப்பை மட்டும் பிரித்தெடுத்து, விடுதி மண்டபமொன்றில் வார இறுதியில் அறிமுகமற்றோர் நடுவே நிகழ்த்தும்போது, அதைத் தாங்கி நின்ற அனைத்தும் வெளியில் விடப்பட்டுவிடுகின்றன. பயிற்றுநர் ஞாயிறு மாலை கொழும்புக்குப் போய்விடுவார்; திங்கள் இரவு நித்திரையின்றி எழுந்து உட்காரும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது.

வாக்குச் சொல்வோரிடம் உள்ள இடரும் இங்கே மறைக்கப்படத் தக்கதன்று. மகன் உயிரோடு இருக்கிறான் என்ற ஒரு சொல் ஒரு தாயைப் பல்லாண்டு காத்திருக்க வைக்கும். இல்லை என்ற ஒரு சொல் ஆதாரமின்றி ஈமக்கடனில் முடியும். அதே இடர், வேறு உருவில், உடலில் புதைந்த நினைவை மீட்பதாகச் சொல்லும் சிகிச்சையாளரிடமும் உண்டு. இடுப்பில் வலி இருப்பதனால் மறந்துபோன வன்முறை ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1980களிலும் 1990களிலும் சிகிச்சையாளர் பலர் ஊகித்துச் சொல்லப்போய், நடவாதவற்றை நடந்ததாக நம்பியோர் பெருகி, குடும்பங்கள் சிதைந்து, வழக்குகள் மலிந்தன. எலிசபெத் லோப்டசும் உடனாய்வாளரும் 1995இல் வெளியிட்ட சிறு ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியொன்றில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட பொய்க்கதையை 24 பேரில் கால்வாசிப்பேர் முழுமையாகவோ ஓரளவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டனர். உடலின் வலி இப்போதைய வேதனைக்கு நல்ல சாட்சி. எங்கே, யார், எப்போது என்பதற்கு அது சாட்சியாகாது. வந்தவர் சொல்லாத நிகழ்வைத் துணையாளர் தாமாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

தொடுகையைப் பற்றி ஒரு வரையறை அவசியம். தொடுகை ஆறுதல் தரும் என்பதில் ஐயமில்லை; பாலியல் வன்முறைக்கோ சிறைச் சித்திரவதைக்கோ உள்ளானவருக்கு அதே தொடுகை அச்சத்தின் விசையாகவும் ஆகும். ஆகவே உடலைத் தொடுமுன் எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேட்டு, ஒருமுறை தந்த இசைவை அடுத்த முறைக்கும் செல்லும் என்று கொள்ளாது, பெண்ணைப் பெண்ணே தொடுவதையும் வேண்டுமானால் மற்றொருவர் அறையில் இருப்பதையும் வழக்கமாக்குக. பெரியவருக்கு எதிரே வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் பண்பாட்டில், தலையசைப்பு இசைவாகாது. தொடாமலே செய்ய முடிந்ததைத் தொட்டுச் செய்ய வேண்டியதில்லை.

நெஞ்சுப் படபடப்பு என்று வருபவரை, அது மனவடுவின் விளைவென்று தீர்மானிக்குமுன், மருத்துவரிடம் அனுப்புக. தைரொயிட் மிகைப்பும் குருதிச்சோகையும் இதயநோயும் அதே முறைப்பாட்டோடு வருவன. வலிப்பு, கர்ப்பம், கடும் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு விரைமூச்சுப் பயிற்சிகள் ஆகா. உளநலப் பிரிவில் மாத்திரை எடுப்பவரிடம், ஆற்றல் சீராகிவிட்டது, இனி அது வேண்டாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டால், அவர் எவ்வளவு அன்பானவராயினும் அவரோடு சேர்ந்து பணியாற்ற வேண்டாம். தற்கொலை எண்ணம் தெரிந்தால் மூச்சும் தட்டுதலும் காத்திருக்கட்டும். அன்றே உளமருத்துவரிடம் கூட்டிச் செல்லப்பட வேண்டும், தனியே விடப்படவும் கூடாது. குணமாகாதவரைப் பார்த்து, அவர் மனம் திறக்கவில்லை, பற்றை விடவில்லை என்று பழிசொல்லும் முறை எதுவாயினும், அதன் சான்றிதழ் எத்தனை நிறத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும், துயருற்றவரை இரண்டாம் முறை தண்டிப்பதாகும்.

நலத்தை எதைக்கொண்டு அளப்பது என்பது கடைசியாக வரினும் முதன்மையானது. அமர்வில் எவ்வளவு அழுதார் என்பதை விட்டு, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினார், சமைத்ததைத் தானும் உண்டாரா, பிள்ளையை அடிக்கும் கை தளர்ந்ததா, விலக்கி வந்த சந்தைக்கோ கடற்கரைக்கோ ஒருமுறையேனும் போய் வந்தாரா, மீண்டும் தையல் பொறியின் முன் உட்கார்ந்தாரா என்று மாதந்தோறும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதங்களில் ஒன்றும் மாறவில்லையெனில், செய்யும் முறையை மாற்ற வேண்டும் அல்லது வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பதிவைப் பேணுபவர் ஆற்றலை நம்பினாலும் நம்பாவிட்டாலும் பெரும் தீங்கு செய்ய மாட்டார். பேணாதவர் எத்தனை நல்ல கொள்கையை வைத்திருந்தும் தம் கையில் என்ன நடக்கிறது என்பதை அறிய மாட்டார்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் நிலை வகுப்பில் மூச்சு, உடல் கவனிப்பு, பதற்றத்தைத் தரைக்குத் திருப்புதல் ஆகியன இருப்பதாகப் பெறாமகள் அனுப்பிய தாளிலிருந்து தெரிவதால், அதில் அமர்வதற்குத் தடையில்லை. கற்றதை முதலில் தன் உடலிலும், பின் மேற்பார்வை செய்யும் உளமருத்துவர் இசையும் நோயாளரிடமும் மட்டும் பழகிப் பார்க்க. அதற்கு முன் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை: அவருடைய அமர்வின் பின் நிலை மோசமானவர்களுக்கு அவர் என்ன செய்கிறார், யாரைத் தம்மால் ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார், உள்ளூர் வைத்தியசாலையில் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்பன. எவர் நிலையும் மோசமானதில்லை, எவரையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது விடையானால், முதல் நிலையும் தேவையில்லை. தொலைவிலிருந்தே ஆற்றல் அனுப்பக் கற்றுத்தரும் இரண்டாம் நிலைக்கு அவர்கள் கேட்டிருக்கும் முற்பணத்தை எவ்வாறாயினும் இப்போது கட்ட வேண்டாம்.

இங்ஙனம்,
அன்புள்ள பெரியப்பா